சிவப்பு மை

காலை 5.30 மணிக்கே சமையலறையில் விளக்கு எரிந்தது. எம்.பி.ஏ. சேர்க்கைக்கான கேட் (CAT) தேர்வுக்குத் தங்கை படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஆடை படிந்து ஆறிப்போன காபி.

பயிற்சி வகுப்பு இல்லை. வேலையையும் விட முடியாது.

அவள் கையில் இருந்தது பாடப்புத்தகம் அல்ல, ஒரு நோட்டு. மாதிரித் தேர்வில் தவறிய கணக்குகள் மட்டும். ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு மையில் காரணம்: "சூத்திரம் மறந்துவிட்டது." "கேள்வியை முழுதாகப் படிக்கவில்லை." "தொட்டிருக்கவே கூடாது."

அந்த மூன்றாவதில் என் கண் நின்றுவிட்டது.

தேர்வில் மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒன்றில் மிச்சம் பிடித்த நேரத்தை அடுத்ததற்குக் கொண்டுபோக முடியாது. சரியான விடைக்கு 3 மதிப்பெண். கொடுத்த விடைகளில் தவறானதைத் தேர்ந்தெடுத்தால் 1 போய்விடும். எதை விடுவது என்பதற்கும் பயிற்சி வேண்டியிருக்கிறது.

அட்டவணையைக் காட்டினாள். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் மாதிரித் தேர்வு. அதை அலசுவதற்கு மாலையில் நான்கு மணி நேரம்! நாங்களெல்லாம் விடைத்தாள் கைக்கு வந்தால் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மடித்து வைத்தவர்கள். ஏன் தவறியது என்று ஒருவரும் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமைக் கட்டம் மட்டும் காலி.

"அன்று அலுவலகத்தில் நேரமாகிவிடும் அண்ணா. பொய்யாக எதற்கு எழுதி வைக்க வேண்டும்?" என்றாள்.

காபியைச் சூடுபடுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.