பத்துக்குப் பத்து வீட்டில் ரகசியம்

மனநலப் பயிற்சி என்றால் மூச்சை இழுத்து விடச் சொல்லித்தருவது என்று பலர் நினைக்கிறார்கள். அது அரை மணி நேரத்தில் வந்துவிடும். லேசில் வராதவை இரண்டு. ஒருவர் பேசும்போது குறுக்கே புத்தி சொல்லாமல் இருப்பது ஒன்று. கேட்டதைத் தன் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் இருப்பது இன்னொன்று.

நான் கடலூர் முதுநகர்க்காரி. கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில், அக்கம்பக்கத்தாரின் மனக்கஷ்டத்தைக் கேட்டு உதவ அங்குள்ள பெண்களுக்கே இந்தப் பயிற்சி தருகிறேன். குறிஞ்சிப்பாடியிலும் முகாம் உண்டு, புதுச்சேரி தாண்டினால் கீழ்புத்துப்பட்டிலும் உண்டு. எது என்று சொல்ல மாட்டேன். ரகசியம் காக்கச் சொல்லிக்கொடுப்பவளே ஊர் பேரைப் போட்டு எழுதினால் நன்றாக இருக்காது. 2021இல் அரசு பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. உள்ளே இருப்பவர்களுக்கு இன்னும் அது 'கேம்ப்'தான்.

வெளியிலிருந்து மருத்துவரை அழைத்து வரலாமே என்று கேட்பார்கள். லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடத் தேறாத நாடு இது. அதோடு, பெயின்ட் அடிக்கப் போகும் மனிதர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி பெரியாஸ்பத்திரிக்குப் போய் 'தூக்கம் வரல' என்று நிற்பாரா? சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலிருந்து தமிழ்நாட்டுக் கடலோரத்துக்கு வந்தவர்களும் உள்ளூர் ஆட்களுக்குத்தான் பயிற்சி கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட 'பிராப்ளம் மேனேஜ்மென்ட் பிளஸ்' கையேடும் அதே வழிதான்: ஐந்து சந்திப்பு, ஒவ்வொன்றும் 90 நிமிடம், நடத்துபவர் டாக்டராக இருக்கத் தேவையில்லை. பாகிஸ்தானின் பெஷாவரில் அப்படிச் செய்து பார்த்து, பதற்றமும் மனச்சோர்வும் குறைந்ததைக் காட்டியிருக்கிறார்கள்.

இந்த மாதிரிக் கையேடுகள் அமைதியான தனி இடத்தில் உட்காரச் சொல்லும். முகாம் வீடு பத்துக்குப் பத்து. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் இங்கே நாம் பேச்சை நிறுத்த வேண்டும். தனி இடத்துக்கு எங்கே போவது? இதற்கு என்னிடம் பதில் இல்லை, அவர்களிடம் இருந்தது. தையல் தெரிந்த ஒருத்தி சொன்னாள்: "சும்மா வந்தா ஏன் வந்தவ எண்டு கேப்பினம், சிஸ்டர். பிளவுசை எடுத்துக்கொண்டு வந்தா ஒருத்தரும் கேக்க மாட்டினம். மெஷின் சத்தத்தில கதைக்கிறதும் வெளிய கேக்காது." இன்னொருத்தி ரேஷன் கடைக்குப் போகும் வழியைத் தேர்ந்தெடுத்தாள். இரண்டு பெண்கள் பையோடு நடந்து போவதை யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்? 90 நிமிடம் கிடைக்காது, உண்மைதான். மூன்று தவணையாகப் பேசுகிறார்கள்.

நடித்துப் பழகும்போது சிரிப்புக்குப் பஞ்சமில்லை. ஒருத்தி குடிகாரக் கணவனின் மனைவியாக நடித்து அழ ஆரம்பித்தாள். எதிரே இருந்தவள் உடனே, "நீ அம்மா வீட்டுக்குப் போயிடு" என்றாள். அம்மா வீடு அடுத்த லைனில்! அன்றிலிருந்து ஒரு விதி: எதிராளி பேசி முடித்ததும் மூன்று மூச்சு விட்டுவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும்.

பிரச்சினைகளைத் தீர்க்க முடிந்தது, முடியாதது என்று பிரிக்கும் பாடத்தில்தான் வகுப்பு நின்றுபோனது. இங்கே பிறந்து, இங்கேயே டிகிரி முடித்த பையனுக்குப் பாஸ்போர்ட் இல்லை. 1983 முதல் வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளும் அகதிகள்தான். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இடமே இல்லை. இதை எந்தப் பக்கம் எழுதுவது? "முடியாத பக்கம் போட்டா மிச்சம் என்ன இருக்கு, சிஸ்டர்?" என்றார் வயதான ஒரு அம்மா. நான் வாதாடவில்லை. அரசாங்கத் தாளில் இருக்கும் வேதனை மூச்சுப் பயிற்சியில் போகாது. அப்படிப் போகும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள்மேல் எனக்குக் கோபம்கூட வரும். அந்தப் பையனைப் படுக்கையை விட்டு எழுந்து, நண்பர்களோடு வாலிபால் ஆடப் போக வைக்க முடிந்தால் அதுவரைக்கும் நம் வேலை.

ரகசியத்துக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, உயிர். அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். 'செத்துப்போகலாம்னு தோணுதா?' என்று நேராகக் கேட்கப் பயப்படுகிறார்கள், கேட்டால் எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று. கிளப்பாது. ஆமாம் என்று பதில் வந்தால் ஆளைத் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நடுராத்திரியானால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.

இரண்டு நாள் வகுப்பு, சான்றிதழ், குரூப் போட்டோ, அப்புறம் ஆளையே காணோம் என்கிற வகைப் பயிற்சிகளையும் பார்த்திருக்கிறேன். அது கெடுதல். இந்தப் பெண்களும் 2009இல் முள்ளிவாய்க்காலில் சொந்தங்களை இழந்தவர்கள். அடுத்தவர் கதையில் தங்கள் அண்ணன் செத்ததைக் கேட்கிறார்கள். அதனால் வாரத்துக்கு ஒருமுறை எல்லோரும் உட்கார்கிறோம். பெயர் சொல்லாமல், அவர்கள் மனதில் தங்கிப்போனதைப் பேசுவதற்கு. அது நின்றால் வகுப்பையும் நிறுத்திவிடுவேன்.

இப்போதைய குறை, ஆண்கள். குடிக்கிறவர் எந்த அக்காவிடமும் பிளவுஸ் எடுத்துக்கொண்டு போக மாட்டார். பெயின்டர் ஒருவர் கற்றுக்கொள்ள வருகிறேன் என்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் முடியுமாம், அதுவும் கறி எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான். பத்து மணிக்கு வாங்க என்றேன்.