செக்ரோல்ல பேர் இல்லாதவங்க

அக்கா மகன் ஏ.எல் படிக்கிறான், ஹிஸ்ட்ரி. போன ஞாயிறு ஹட்டன்ல அடிச்ச மழைக்கு கரண்டும் போயிருச்சு, குப்பி லாம்ப கையில புடிச்சிக்கிட்டு நோட்ஸோட வந்து நிக்கிறான். மாமா, ரெண்டாம் உலக யுத்தத்துல சோவியத்துக்காரங்க எத்தன பேர் செத்தாங்க, ஒரு நோட்ஸ்ல 70 லட்சம், இன்னொண்ணுல 2 கோடி, இதுல 2 கோடி 66 லட்சம், எதத்தான் எழுதுறதுன்னு கேக்குறான்.

மூணுமே அந்த நாட்டுத் தலைவருங்க காலத்துல அங்கயே சொன்ன கணக்குதான். 1946ல ஸ்டாலின் 70 லட்சம்னாரு, 1961ல குருஷேவ் 2 கோடின்னாரு, 1990ல கோர்பச்சேவ் காலத்துல 2 கோடி 70 லட்சத்துக்கு கிட்ட வந்துருச்சு. யுத்தம் முடிஞ்சி 45 வருஷமா தொகை மட்டும் ஏறிக்கிட்டே போயிருக்கு.

அவன்கிட்ட சொன்னேன், டேய் உன் தாத்தா தோட்டத்துல கணக்கப்புள்ளயா இருந்தவரு, காலையில ஆளுங்க கூடுற பெரட்டுக்களத்துல செக்ரோல்ங்கிற பேர்ப்பதிவுல பேர் போட்டாத்தான் அந்தாளு அன்னைக்கு வேலைக்கி வந்ததா கணக்கு. இப்ப செக்ரோல் எரிஞ்சி போச்சுன்னு வையி, என்ன செய்வ? லயம் லயமா, வரிசை வீடு ஒவ்வொண்ணா போயி இருக்கிற தலைய எண்ணி, முந்தி இருந்ததுல கழிக்கணும். அதத்தான் அவங்களும் செஞ்சாங்க. 1941 நடுவுல சனத்தொகை 19 கோடி 67 லட்சம், அதுல 1945 கடைசியில உயிரோட இருந்தது 15 கோடி 95 லட்சம், கொறைஞ்சது 3 கோடி 72 லட்சம். யுத்தமே இல்லாட்டியும் வயசாகி நோய் வந்து 1 கோடி 19 லட்சம் பேர் செத்திருப்பாங்க, அத கழிச்சிரு. யுத்த நேரத்துல பொறந்து, வழமைய விட கூடுதலா செத்த புள்ளைங்க 13 லட்சம், அத கூட்டு. போட்டுப் பாத்தான், 2 கோடி 66 லட்சம் வந்துச்சு, மூஞ்சியில ஒரே சந்தோஷம்.

சந்தோஷப்படாத, அந்த 19 கோடி 67 லட்சத்த எவன் எண்ணுனான்னு கேட்டேன். 1941ல சென்சஸே இல்ல. 1937ல எடுத்தாங்க, தொகை ஸ்டாலின் எதிர்பாத்தத விட கொறைஞ்சதும் அத அமுக்கிட்டு, எண்ணுன ஆபிசர்மார புடிச்சி உள்ள போட்டாங்க. 1939ல திரும்ப எடுத்தத கொஞ்சம் ஊதிக் காட்டுனாங்கன்னு சந்தேகம் இருக்கு. அதுக்குப் பொறகு 1959லதான். அந்த மொத தொகையில நூத்துக்கு ஒண்ணு பிசகினாலே கிட்டத்தட்ட 20 லட்சம் பேர், நம்ம நுவரெலியா மாவட்டம் முழுக்கச் சேந்தாலும் அவ்வளவு சனம் இல்ல.

ராணுவக் கணக்கு இன்னும் சிக்கல். 1993ல கிரிவோஷேவ்ங்கிற ஜெனரல் வெளியிட்ட கணக்குல செத்த சிப்பாய்ங்க 86 லட்சத்து 68 ஆயிரம். படைப்பிரிவுங்க அனுப்புன ரிப்போர்ட்ட வச்சித்தான் பெரும்பாலும் போட்டது, ஆனா 1941ல ஜெர்மன்காரன் சுத்தி வளைச்ச படையில இருந்து ரிப்போர்ட் எழுதி அனுப்ப யாரு மிச்சம்? கைதிங்க மட்டும் 57 லட்சம் பேர், அதுல 33 லட்சம் பேர் பட்டினியிலயும் குளிர்லயும் சுட்டும் செத்தாங்கன்னு ஜெர்மன் பதிவ வச்சி சொல்றாங்க, கிரிவோஷேவ் கணக்குல கைதிங்க தொகை இதவிட ரொம்பக் கொறைவு. கூப்பிட்டு லிஸ்ட்ல ஏத்துறதுக்குள்ள மாட்டுனவன், பேக்டரிய விட்டுட்டு துப்பாக்கி தூக்குனவன், இவங்கள ராணுவத்துல போட்டா சிவிலியன் கொறையும், சிவிலியன்ல போட்டா ராணுவம் கொறையும். மொத்தம் அசையாது. தோட்டத்துல நோர்ம், அதாவது அன்னைக்கு பறிக்க வேண்டிய கொழுந்து அளவு, வராட்டி அரைநாள் கணக்குல அரைப்பேர் போடுறாங்களே, அந்த மாதிரி எந்தப் பக்கத்துல எழுதுறோங்கிறதுதான்.

பக்கத்துல இந்தியாவப் பாரு. பட்டாளத்துல செத்தவங்க 87 ஆயிரம் சொச்சம். பர்மா ஜப்பான் கையில போயி அங்கத்த அரிசி வரத்து நின்னதும் ஒரு காரணமா, 1943ல வங்காளத்துல பஞ்சம், அரசாங்கம் வச்ச கமிஷனே 15 லட்சம்னுச்சு, அமர்த்தியா சென் 30 லட்சத்துக்கு கிட்ட போறாரு. இத யுத்தச் சாவுன்னு போட்டா இந்தியாவுக்கு ஒரு தொகை, போடாட்டி வேற தொகை. ஆனா சோவியத் நகரம் லெனின்கிராட்ல, ஜெர்மன்காரன் முற்றுகையில பட்டினி கெடந்து செத்தவங்கள யுத்தச் சாவுல சேக்குறோமே.

அதே பர்மா அரிசி இங்கயும் நின்னுச்சு. மஸ்கெலியா பக்கத்து லயத்துல அப்ப எங்க அப்பாயி சின்னப்புள்ள, வீட்டுல ரேஷன் கூப்பனுக்கு கெடைச்ச அரிசிய அளந்து பானையில போடயில ஒரு பிடி திரும்ப எடுத்து முடிஞ்சி வைப்பாங்களாம், நாளைக்கின்னு. அந்த நேரம் அவங்க தம்பி காய்ச்சல்ல போனான். யுத்தத்துலயா பசியிலயான்னு யாரு எழுதி வச்சா? கண்டி யுத்த மயானத்துல ஆப்பிரிக்கா சிப்பாய்க்குக்கூட கல்லுல பேரும் பட்டாளமும் தேதியும் வெட்டியிருக்கு.

அப்ப நான் எத எழுதுறதுன்னான் கடைசியில. 2 கோடி 66 லட்சம் எழுது, முன்னால மறக்காம 'ஏறத்தாழ'ன்னு போடுன்னேன். ஏறத்தாழன்னு போட்டா சார் மார்க் வெட்டிருவாரு மாமான்னான்.