14 மெகாஹெர்ட்ஸில் 200 மில்லிவாட்: பீக்கன் நாட்குறிப்பு

2025 பிப்ரவரி 2, பாளையங்கோட்டை

பீக்கன் என்பது அலை எவ்வளவு தூரம் போகிறது என்று மற்றவர்கள் கேட்டுப் பார்ப்பதற்காகத் தன் அடையாளத்தைத் தானாகவே திரும்பத் திரும்ப அனுப்பும் சிறு வானொலி நிலையம். அதைக் கட்ட நினைப்பவர்கள் சால்டரிங் அயர்னைத் தொடுவதற்கு முன் சில நாட்கள் 14.100 மெகாஹெர்ட்ஸைக் கேட்க வேண்டும். உலகின் பல மூலைகளில் உள்ள 18 பீக்கன்கள் இந்த ஒரே அலைவரிசையில் முறை வைத்து வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் 10 வினாடி. 3 நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். முதலில் மோர்ஸில் கால் சைன் (நிலையத்தின் அடையாளப் பெயர்), பிறகு ஒரு வினாடி நீளத்தில் நான்கு கோடுகள். கால் சைனும் முதல் கோடும் 100 வாட். அடுத்த கோடுகள் 10 வாட், 1 வாட், 100 மில்லிவாட் என்று இறங்கும்.

மோர்ஸ் தெரியாவிட்டாலும் கடிகாரமே யார் என்று சொல்லிவிடும். மணி தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு 3 நிமிடச் சுற்றிலும் 0:50க்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் பக்கம் உள்ள விகே6ஆர்பிபி, 1:00க்கு ஜப்பானின் ஜேஏ2ஐஜிஒய், 1:20க்கு ஹாங்காங்கின் விஆர்2பி, 1:30க்குக் கொழும்பின் 4எஸ்7பி, 1:50க்குக் கென்யாவின் 5இசட்4பி. ரேடியோவை யுஎஸ்பி (அப்பர் சைடுபேண்ட்) முறையில் 14.0993இல் நிறுத்தினால் 700 ஹெர்ட்ஸ் சுருதியில் கேட்கும்.

கொழும்பு நமக்கு மிக அருகில் இருப்பதால், பெரும்பாலான நேரம் 14 மெகாஹெர்ட்ஸ் அலை அதற்கு மேலே தாவிப் போய்விடும். பெர்த் தெளிவாகக் கேட்டு, கொழும்பு கேட்காமல் போனால் ரேடியோவில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். நான்காவது கோடு காதில் விழுகிறதா என்பதுதான் கேள்வி. விழுந்தால், 100 மில்லிவாட் அந்தத் தூரத்தைக் கடந்து வருகிறது என்று பொருள். 200 மில்லிவாட் பீக்கன் கட்டுவதற்கு வேறு நியாயம் தேவையில்லை.

அனுப்புவதற்கு மத்திய அரசின் டபிள்யூபிசி பிரிவு தரும் அமெச்சூர் உரிமம் கட்டாயம். அது கைக்கு வரும்வரை இந்த 18 பேரைக் கேட்டுப் பழகலாம்.

பிப்ரவரி 4

வீட்டு இரைச்சல். ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். இரைச்சல் குறைந்தால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறது. எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனால் அகப்படும். மலிவான எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், பிஎல்டிசி ஃபேன், இந்த வரிசையில் சந்தேகப்படலாம்.

பிப்ரவரி 8

பொருட்கள் தயார். அலையை உருவாக்க எஸ்ஐ5351ஏ கிளாக் மாட்யூல் ஒன்று, அதை இயக்க ஆர்டுயினோ நானோ போர்டு, நேரத்துக்கு நியோ-6எம் ஜிபிஎஸ், பவரைக் கூட்ட பிஎஸ்170 மாஸ்ஃபெட் இரண்டு (ஒன்று கைவசம் இருக்கட்டும்), சுருள் சுற்ற டி37-6 மஞ்சள் வளையம் மூன்று, எஃப்டி37-43 கறுப்பு வளையம் ஒன்று, 7805 ரெகுலேட்டர், 10 கிலோஓம் மல்டி-டர்ன் பிரீசெட். கபாசிட்டர்களில் 180 பிஎஃப் (பிக்கோஃபாரட்) இரண்டு, 390 பிஎஃப் இரண்டு. இந்த நான்கும் என்பி0 அல்லது சி0ஜி வகையாகவே இருக்க வேண்டும். சாதாரண டிஸ்க் செராமிக் போட்டால் மதிப்பு சூட்டில் நகரும், ஃபில்டரிலேயே சக்தி கரையும். எனாமல் கம்பி 28 கேஜ், மோட்டார் வைண்டிங் கடையில் எடைக்குக் கிடைக்கும். மற்றவை சென்னை ரிச்சி தெருவில் அநேகமாகக் கிடைத்துவிடும். டி37-6 வளையத்துக்கு மட்டும் ஆன்லைன்தான். பச்சை, சிவப்பு என்று வேறு நிற வளையம் வந்தால் அது வேறு பொருள், சுற்றுக் கணக்கு முழுக்க மாறிவிடும்.

பிப்ரவரி 9

இன்று அலைவரிசையைத் திருத்தும் வேலை. அனுப்பப்போகும் முறை டபிள்யூஎஸ்பிஆர். ஹாம்கள் (அமெச்சூர் வானொலிக்காரர்கள்) எல்லோரும் சொல்வது விஸ்பர். மிக நலிந்த சிக்னலையும் கணினி படித்துவிடும் டிஜிட்டல் முறை இது. 1993இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லர் 2008இல் வெளியிட்டது. 20 மீட்டர் பட்டையில் அதற்கான இடம் 14.0970 முதல் 14.0972 மெகாஹெர்ட்ஸ் வரை, மொத்தமே 200 ஹெர்ட்ஸ். அதற்கு வெளியே விழுந்தால் கேட்க ஆளில்லை.

மாட்யூலில் உள்ள 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் நேர்மையானதல்ல. சீனாவின் பிபிஎம் நேர நிலையம் 10 மெகாஹெர்ட்ஸில் வருகிறது, அதைக் கொண்டு திருத்தலாம். ரேடியோவை ஏஎம் முறையில் வைத்துப் பிபிஎம்மைப் பிடித்துக்கொண்டு, மாட்யூலையும் 10 மெகாஹெர்ட்ஸுக்கு அமைத்து, அதன் அவுட்புட்டிலிருந்து ஒரு சாண் வயரை ரேடியோ ஆன்டெனா பக்கத்தில் கொண்டுபோனால் இரண்டும் கலந்து ஏறி இறங்கும். திருத்த எண்ணை மாற்ற மாற்ற அந்த ஏற்ற இறக்கம் மெதுவாகும். வினாடிக்கு ஒருமுறை என்றால் பிழை 1 ஹெர்ட்ஸ்தான். ஏஎம்மில் செய்வதற்குக் காரணம் உண்டு: இரண்டு அலைகளும் நேரடியாக ஒன்றோடொன்று மோதுவதால் ரேடியோவின் சொந்த ஆசிலேட்டர் பிழை கணக்கில் வராது. யுஎஸ்பியில் செய்தால் அதுவும் சேர்ந்துவிடும்.

10 மெகாஹெர்ட்ஸில் 32 ஹெர்ட்ஸ் அதிகம் இருந்தால் பிழை 3200 பிபிபி (நூறு கோடியில் 3200 பங்கு), 14.097இல் அது 45 ஹெர்ட்ஸ். எதர்கிட் எழுதிய எஸ்ஐ5351 லைப்ரரி இந்த எண்ணை பிபிபி கணக்கிலேயே வாங்கிக்கொள்கிறது. கூட்டல் கழித்தல் குறி மாறிப்போனால் பிழை இரட்டிப்பாகி 64 ஹெர்ட்ஸாகத் தெரியும், உடனே பிடிபடும்.

பிப்ரவரி 15

ஃபில்டர். இதில் கையை அவசரப்படுத்தக் கூடாது. எஸ்ஐ5351 தருவது சதுர அலை. அதன் மூன்றாவது ஹார்மானிக் (மூன்று மடங்கு அலைவரிசையில் கூடவே வரும் அலை), 42 மெகாஹெர்ட்ஸில், மூல அலையைவிட 9.5 டெசிபல்தான் கீழே இருக்கும். ஆன்டெனாவுக்குப் போகும் முன் அதை அடைத்தே தீர வேண்டும். அடுத்தவர் அலைவரிசையில் போய் விழ நமக்கு உரிமம் இல்லை.

வரிசை இது: 180 பிஎஃப் தரைக்கு, 16 சுற்று, 390 தரைக்கு, 17 சுற்று, 390 தரைக்கு, 16 சுற்று, 180 தரைக்கு. மூன்று சுருளும் டி37-6. ஒவ்வொன்றுக்கும் 25 சென்டிமீட்டர் கம்பி போதும். துளைக்குள் கம்பி எத்தனை முறை நுழைகிறதோ அத்தனை சுற்று. வெளியே எண்ணினால் ஒன்று குறையும். 16 சுற்றுக்கு 0.77 மைக்ரோஹென்றி வரும். சுற்றுகளை வளையம் முழுக்கப் பரப்பி, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில் ஒரு விரல்நக அகலம் விட வேண்டும். நெருக்கினால் இண்டக்டன்ஸ் கூடும், விலக்கினால் குறையும். கடைசித் திருத்தத்தை இப்படி நகத்தாலேயே செய்துகொள்ளலாம்.

முனையில் எனாமலைச் சுரண்டி, ஈயம் பூசி, மல்டிமீட்டரில் தொடர்பு பார்த்த பிறகே போர்டில் ஏற்ற வேண்டும். பளபளவென்று ஒட்டியதுபோல் தெரியும்; உள்ளே எனாமல் மிச்சமிருந்தால் தொடர்பு இருக்காது. ஃபில்டர் வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் முடியும்.

நானோவிஎன்ஏ (ஃபில்டரையும் ஆன்டெனாவையும் அளக்கும் சிறு கருவி) இருந்தால் 14 மெகாஹெர்ட்ஸில் இழப்பு அரை டெசிபலுக்குள் இருக்க வேண்டும், 28இல் 40 டெசிபலை நெருங்க வேண்டும், 42இல் அதைவிட நன்றாக இறங்க வேண்டும். 14இலேயே 2, 3 டெசிபல் போனால் சுற்றுகளை எண்ணிப் பாருங்கள், அடுத்து கபாசிட்டர் வகையைப் பாருங்கள்.

பிப்ரவரி 16

பவர் கட்டம். தட்டைப் பக்கம் நம்மைப் பார்த்திருக்க, பிஎஸ்170இன் கால்கள் இடமிருந்து டிரெய்ன், கேட், சோர்ஸ். அதன் இடத்தில் பலரும் போடும் 2என்7000க்கு இது நேர்த் தலைகீழ்: சோர்ஸ், கேட், டிரெய்ன். மாற்றி வைத்தால் மாஸ்ஃபெட்டுக்குள் இருக்கும் டயோடு நேராகத் திறந்து, 5 வோல்ட் சப்ளை தரைக்குப் பாய்ந்துவிடும். சூடு தாங்காமல் விரலை எடுப்பதற்குள் அது போய்விடும்.

எஃப்டி37-43 வளையத்தில் 10 சுற்றுச் சோக் வழியாக டிரெய்னுக்கு 5 வோல்ட். டிரெய்னிலிருந்து 0.1 மைக்ரோஃபாரட் வழியாக ஃபில்டர். கிளாக் அவுட்புட்டிலிருந்து இன்னொரு 0.1 வழியாகக் கேட். பிரீசெட்டின் நடுக்காலிலிருந்து 10 கிலோஓம் வழியாகக் கேட்டுக்கு பயாஸ் (மாஸ்ஃபெட்டைத் திறக்கும் விளிம்பில் வைக்கும் மின்னழுத்தம்).

பயாஸ் வைக்கும் முறை: பிரீசெட்டைத் தரைப் பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு, கிளாக்கை அணைத்து, சப்ளையில் மில்லியாம்பியர் மீட்டர் போட்டு மெல்ல ஏற்றுங்கள். 2 வோல்ட் பக்கம் ஊசி அசையத் தொடங்கும். 1 அல்லது 2 மில்லியாம்பியரில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஏற்றினால் அனுப்பாத நேரத்திலும் மாஸ்ஃபெட் சூடேறிக்கொண்டிருக்கும், அந்தச் சூடு பக்கத்தில் உள்ள கிரிஸ்டலை நகர்த்தும்.

பவரை அளக்க, 100 ஓம் 1 வாட் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் இரண்டை இணையாகச் சேர்த்து 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் பவரை வாங்கிக்கொள்வது). அதன் மேல் 1என்4148 டயோடு, 10 நானோஃபாரட் கபாசிட்டர். 200 மில்லிவாட்டுக்கு உச்ச மின்னழுத்தம் 4.47 வோல்ட். டயோடு தின்பது போக மீட்டரில் 4 வோல்ட் பக்கம் காட்டும். 3 வோல்ட்தான் வந்தால் 100 மில்லிவாட்டைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். எது வருகிறதோ அதைத்தான் செய்தியில் எழுத வேண்டும்.

பிப்ரவரி 22

விஸ்பர் செய்தியில் மூன்றே விஷயம்: கால் சைன், நான்கு எழுத்து இடக்குறி (உலக வரைபடத்தில் நம் கட்டத்தின் பெயர்), டிபிஎம்மில் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபலில்) பவர். திருநெல்வேலிக்கு எம்ஜே88. 200 மில்லிவாட் என்றால் 23 டிபிஎம். இது 162 குறிகளாகி, ஒவ்வொன்றும் 0.683 வினாடி, நான்கு சுருதிகளில் ஒன்றாகப் போகும். சுருதிகளுக்கு நடுவே 1.46 ஹெர்ட்ஸ். மொத்தம் 110.6 வினாடி. லைப்ரரி அலைவரிசையை 0.01 ஹெர்ட்ஸ் அலகில் கேட்பதால் ஒரு படிக்கு 146 என்று கொடுத்தால் சரி.

இரட்டைப்படை நிமிடம் பிறந்து 1 வினாடி கழித்துத் தொடங்க வேண்டும். நம் நேரம் யுடிசியிலிருந்து 330 நிமிடம் தள்ளி இருப்பதால் சுவர்க் கடிகாரத்தின் இரட்டைப்படை நிமிடமும் அதேதான். ஜிபிஎஸ் மாட்யூல் 9600 வேகத்தில் நேரத்தைத் தரும். ஜன்னலோரம், சதுரச் செராமிக் முகம் மேல்நோக்கி இருக்கட்டும்; விளக்கு மின்னத் தொடங்கினால் செயற்கைக்கோள் பிடித்துவிட்டது. அனுப்பும்போது ஜிபிஎஸ் சீரியலைப் படிப்பதை நிறுத்திவிடுங்கள், இல்லையேல் இன்டரப்ட்டுகள் குறிகளின் நேரத்தைக் குலைக்கும்.

683 மில்லிவினாடி என்று முழு எண்ணாக வைத்தாலும் கடைசியில் 54 மில்லிவினாடிதான் பிசகும், பரவாயில்லை. கவலை வேறு இடத்தில். சில நகல் நானோக்களில் கிரிஸ்டலுக்குப் பதில் செராமிக் ரெசனேட்டர் இருக்கிறது. அது அரை சதவீதம் பிசகினால் முடிவில் அரை வினாடிக்கு மேல் தள்ளிப்போகும். கிட்டத்தட்ட ஒரு குறியே போய்விடும். பலமான சிக்னலை டிகோடர் சமாளிக்கும், நலிந்ததை விட்டுவிடும். 200 மில்லிவாட்டில் நாம் நம்பியிருப்பதே நலிந்த சிக்னலை. ஜிபிஎஸ்ஸின் வினாடித் துடிப்போடு நானோ கடிகாரத்தை ஒருமுறை ஒப்பிட்டு, குறி நீளத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 23

சீலிங் ஃபேன் காற்று மாட்யூல் மேல் பட்டால் அலைவரிசை அலையும். கிரிஸ்டல் மேல் தெர்மோகோல் துண்டு, எல்லாம் மூடிய டப்பாவுக்குள், 7805உம் பிஎஸ்170உம் எதிர்மூலையில். ஆன் செய்து அரை மணி நேரம் கழித்தே முதல் ஒலிபரப்பு.

மார்ச் 1

ஆன்டெனா, அரை அலை டைபோல். வெறும் செம்புக் கம்பி என்றால் பக்கத்துக்கு 5.07 மீட்டர். வீட்டு வயரிங்கில் போடும் பிவிசி வயரென்றால் உறையால் 3 முதல் 5 சதவீதம் குறையும். முதலில் 5.1 வெட்டி, நானோவிஎன்ஏவைப் பார்த்துக்கொண்டே முனைகளை மடித்துக்கொண்டு வாருங்கள், வெட்ட வேண்டாம். ஃபீட் பாயின்ட்டில் ஆர்ஜி58 கேபிளை 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் 8, 10 சுற்று சுற்றினால் கேபிளின் வெளியுறை ஆன்டெனாவாக மாறுவது குறையும். மொட்டை மாடித் தரைக்குள் கம்பி வலை இருப்பதால் நடுப்பகுதி எவ்வளவு உயர முடியுமோ அவ்வளவு உயரட்டும். இடி மின்னல் நேரத்தில் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும்.

மார்ச் 2

காற்றில் விட்டாயிற்று. இரண்டு நிமிட முறைகளில் ஐந்துக்கு ஒன்று, அதாவது சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒன்று. எந்த முறை என்பதும், 200 ஹெர்ட்ஸுக்குள் எந்த இடம் என்பதும் ஒவ்வொரு தடவையும் தற்செயலாக மாறும்படி எழுதியிருக்கிறது. நிலையாக வைத்தால் இன்னொருவரோடு ஒவ்வொரு முறையும் மோதிக்கொண்டே இருக்க நேரும். விளிம்பில் 20 ஹெர்ட்ஸ் விட்டு வைப்பது நல்லது.

மார்ச் 8

விஸ்பரைக் கேட்பவர்கள் தாங்கள் பிடித்ததைப் பதியும் விஸ்பர்நெட் தளத்தில் வரும் அறிக்கைகளில் எல்லோரும் முதலில் பார்ப்பது தூரம். நான் முதலில் பார்ப்பது டிரிஃப்ட் (அலைவரிசை நகர்வு) பத்தி. 0 என்றால் டப்பா நன்றாக இருக்கிறது. எல்லாக் கேட்பாளர்களிடமும் ஒரே திசையில் −1, −2 என்று வந்தால் நகர்வது நம் கிரிஸ்டல். ஒருவரிடம் மட்டும் வந்தால் அது அவருடைய ரேடியோ. அலைவரிசைப் பத்தியையும் இப்படியே பலரை ஒப்பிட்டுப் படிக்கலாம்.

அறிக்கை வராத நேரத்தை வழி அடைபட்டது என்று எழுதிவிடக் கூடாது. அந்தத் திசையில் கேட்பவர் யாரும் இல்லாமலும் இருக்கலாம். அதற்குத்தான் 14.100: பக்கத்தில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தால் எதிர்த்திசையில் வழி திறந்திருக்கிறதா என்று உடனே தெரியும்.

மார்ச் 15

திருநெல்வேலிக்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. பூமியின் காந்த நடுக்கோடு நம் ஊரை ஒட்டிப் போகிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வைத்திருப்பதும் அதனால்தான். இரவும் பகலும் சமமாகும் மாதங்களில், சூரியன் மறைந்தபின், நம் அலைகளைத் திருப்பி அனுப்பும் வானின் எஃப் அடுக்கு மேலே எழும்பி, அதன் அடியில் அடர்த்தி குறைந்த குமிழ்கள் கிளம்புகின்றன. அவற்றின் ஊடே வரும் அலை பல துண்டாகச் சிதறி, ஒவ்வொன்றும் சற்றே வேறு அலைவரிசையில் வந்து சேரும்.

இரவு 8 மணிக்கு 14.100இல் இது காதுக்கே தெரியும். பகலில் கம்பி இழுத்ததுபோல் சுத்தமாக இருந்த பெர்த்தின் கோடு கரகரவென்று நடுங்குகிறது. பலம் குறையவில்லை. ஆனால் 1.46 ஹெர்ட்ஸ் இடைவெளியை நம்பியிருக்கும் விஸ்பருக்கு அந்தச் சிதறல் போதும். சுருதிகள் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து டிகோட் நின்றுவிடுகிறது. மோர்ஸ் அப்போதும் புரிகிறது. 6.25 ஹெர்ட்ஸ் இடைவெளி கொண்ட எஃப்டி8 என்ற இன்னொரு டிஜிட்டல் முறையும் இதை இன்னும் நன்றாகத் தாங்கும். ஆகவே மாலையில் அறிக்கை நின்றால் பயாஸைத் திருப்பாதீர்கள், வளையத்தை அவிழ்க்காதீர்கள். முதலில் 14.100இன் கோட்டைக் கேளுங்கள்.

மார்ச் 22

இரவு 7:30 முதல் 11 வரை நிரல் மாற்றம். அந்த நேரத்தில் விஸ்பருக்குப் பதில் நிமிடத்துக்கு 12 சொல் வேகத்தில் மோர்ஸ்: கால் சைன் இரண்டு முறை, இடக்குறி, பிறகு 10 வினாடிக் கோடு. இதை விஸ்பரின் 200 ஹெர்ட்ஸுக்குள்ளும், 14.0995 முதல் 14.1005 வரையிலும் அனுப்பவே கூடாது, 14.060க்குக் கீழே காலியான இடம் பார்த்து, சில நிமிடம் கேட்டு, யாரும் இல்லையென்றால் மட்டும். அந்தக் கோட்டைத் தொலைதூர ஆன்லைன் ரிசீவரில் பதிவுசெய்து வாட்டர்ஃபாலில் (அலைவரிசையைப் படமாகக் காட்டும் திரையில்) விரித்தால் அதன் அகலத்தை ஹெர்ட்ஸில் அளக்கலாம். பகலில் ஒன்று, இரவில் ஒன்று என்று ஏப்ரல் முடியும்வரை சேர்க்கிறேன். எண்கள் தேதியோடு இங்கேயே வரும்.