எந்தப் பொருளின் மின்னழுத்தம்? மின்தடை, மின்திறன் கணக்குகளுக்கு ஒரு வழிகாட்டல்

மின்னழுத்த வேறுபாட்டை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும்; அவ்விரண்டையும் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும். காரைக்குடியில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கும் பாலிடெக்னிக் தேர்வுகளுக்கும் படிக்கும் பிள்ளைகளுடன் அமர்ந்து இந்தக் கணக்குகளைப் போட்டுவருகிறேன். வாய்பாடு தெரியாமல் மதிப்பெண் இழப்பவர்கள் மிகக் குறைவு. ஒரு பொருளின் மின்னழுத்தத்தையும் வேறொரு பொருளின் மின்தடையையும் ஒரே வாய்பாட்டில் இட்டு இழப்பவர்களே மிகுதி. ஆகவே கணக்கைத் தொடங்குமுன், எடுத்துக்கொண்ட எண்கள் அனைத்தும் ஒரே பொருளுக்கு உரியவைதாமா என்று கேட்டுப் பழகுங்கள்.

இதை நம் ஊர் வீடுகளை வைத்தே விளக்கலாம். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும் செட்டிநாட்டு வீடொன்றில், மீட்டர் முகப்பில் இருக்கிறது. வளவையும் இரண்டாம் கட்டையும் கடந்து 40 மீட்டர் தொலைவில் தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர் இருக்கிறது. மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் கம்பியின் நீளத்தை 80 மீட்டர் என்று எடுக்க வேண்டும். திரும்பும் கம்பியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவது மாணவர்களிடம் பரவலாகக் காணப்படும் பிழை. செம்பின் மின்தடை எண் 1.72 × 10⁻⁸ ஓம் மீட்டர். கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 2.5 சதுர மில்லிமீட்டர் என்றால், மின்தடை எண்ணை நீளத்தால் பெருக்கிப் பரப்பால் வகுக்க, மின்தடை ஏறத்தாழ 0.55 ஓம். ஹீட்டருக்கு 10 ஆம்பியர் செல்வதாகக் கொண்டால், கம்பியில் மட்டும் 5.5 வோல்ட் குறைந்துபோகும். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால், கம்பியில் வெப்பமாக வீணாகும் திறன் 55 வாட்.

இதே கேள்விக்கு, மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுக்கும் வாய்பாட்டை எடுத்து, அதில் 230 வோல்ட்டையும் 0.55 ஓமையும் இட்டால் 96,000 வாட்டுக்கும் மேலாக விடை வரும். வாய்பாடு பிழையானதன்று. 230 வோல்ட் என்பது கம்பியும் ஹீட்டரும் சேர்ந்த முழுச் சுற்றுக்கு உரியது, 0.55 ஓம் கம்பிக்கு மட்டும் உரியது. கம்பிக்கே உரிய 5.5 வோல்ட்டை இட்டால் அதே வாய்பாடும் 55 வாட் என்றே விடை தரும். இந்த ஒரு கணக்கை இரண்டு வழியிலும் தாளில் போட்டுப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள். அவ்வளவு பயன் இதில் உண்டு.

அடுத்துக் கேட்க வேண்டியது, எது மாறாமல் இருக்கிறது என்பது. ஓர் இஸ்திரிப் பெட்டியில் 230 வோல்ட், 1000 வாட் என்று குறித்திருக்கிறது. மின்னழுத்தம் 200 வோல்ட்டாகக் குறைந்தால் அது எவ்வளவு திறனில் இயங்கும்? ஆயிரத்தை 230-ஆல் வகுத்து 4.35 ஆம்பியர் என்று கண்டு, அதை 200-ஆல் பெருக்கி 870 வாட் என்று விடை எழுதுவோர் பலர். மின்னழுத்தம் குறையும்போது மின்னோட்டமும் குறைந்துவிடும் என்பதால் அந்த 4.35 ஆம்பியர் இப்போது செல்லாது. மாறாதது கம்பிச்சுருளின் மின்தடைதான். அது 230-இன் வர்க்கத்தை 1000-ஆல் வகுக்கக் கிடைக்கும் 52.9 ஓம். 200-இன் வர்க்கத்தை இதனால் வகுத்தால் 756 வாட் என்ற சரியான விடை வரும்.

மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கும் வாய்பாடு, நேர்மின்னோட்டத்தில் எந்தப் பொருளுக்கும் பொருந்தும். வர்க்கம் வரும் மற்ற இரண்டும் மின்தடையில் எழும் வெப்பத்தை மட்டுமே சொல்பவை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருப்பதால், நம் பகுதி மாணவர்களுக்கு மின்முலாம் பற்றிக் கேள்விப்படும் வாய்ப்பு அதிகம். முலாம் பூசும் தொட்டிக்கு 6 வோல்ட்டில் 100 ஆம்பியர் கொடுத்தால் அது 600 வாட் எடுத்துக்கொள்ளும். ஆனால் ஆறை நூறால் வகுத்து, தொட்டியின் மாறா மின்தடை 0.06 ஓம் என்று கூறக் கூடாது, ஏனெனில் அம்மின்னழுத்தத்தின் ஒரு பகுதி வேதிவினைக்கே செலவாகிறது. மாறுமின்னோட்டத்தில் ஓடும் மோட்டார்களுக்குத் திறன் காரணியாலும் (மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒருசேர ஏறி இறங்காததைக் கணக்கில் கொள்ளும், ஒன்றைவிடக் குறைந்த எண்) பெருக்க வேண்டும். இது பாலிடெக்னிக் மாணவர்களுக்குத்தான் தேவை.

அலகுகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மில்லி ஆம்பியரையும் கிலோ ஓமையும் முதல் வரியிலேயே ஆம்பியராகவும் ஓமாகவும் மாற்றி எழுதிவிடுங்கள். 12 வோல்ட்டில் 20 மில்லி ஆம்பியர் என்றால் 0.02 ஆம்பியர், மின்தடை 600 ஓம், திறன் 0.24 வாட். வாய்பாடு, பிரதியிடல், விடை, அலகு என ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுதினால், இறுதி விடை தவறினாலும் படிநிலைகளுக்குரிய மதிப்பெண் கிடைக்க வழியுண்டு.

விடையைச் சரிபார்க்கும் முறையைத் தொடரிணைப்புக் கணக்கொன்றில் காட்டுகிறேன். 220 வோல்ட்டுக்கு உரிய 60 வாட், 100 வாட் குண்டு பல்புகள் இரண்டைத் தொடரில் இணைத்து 220 வோல்ட் கொடுத்தால் எது கூடுதலாக ஒளிரும்? மின்தடைகள் முறையே 807 ஓமும் 484 ஓமும். சூட்டினால் இவை மாறுவதைத் தேர்வுக் கணக்கில் பொருட்படுத்துவதில்லை. இரண்டிலும் ஒரே மின்னோட்டம், 0.1704 ஆம்பியர், செல்வதால் இங்கு மின்னோட்டத்தின் வர்க்கம் வரும் வாய்பாட்டை எடுக்க வேண்டும். 60 வாட் பல்பில் 23.4 வாட், 100 வாட் பல்பில் 14.1 வாட், ஆகவே 60 வாட் பல்பே கூடுதலாக ஒளிரும். இப்போது மின்மூலம் தரும் மொத்தத் திறனைத் தனியாகக் கணக்கிடுங்கள்: 220 வோல்ட்டை 0.1704 ஆம்பியரால் பெருக்க 37.5 வாட். இரண்டு பல்புகளின் திறனைக் கூட்டினாலும் அதே 37.5 வாட் வருகிறது. இந்தக் கூட்டல் பொருந்தவில்லை என்றால், எங்கோ ஒரு பொருளின் எண் மற்றொரு பொருளின் வாய்பாட்டுக்குள் புகுந்திருக்கிறது. அந்த வரியைத் தேடித் திருத்திய பிறகே அடுத்த கேள்விக்குச் செல்லுங்கள்.