எஸ். அஜினுக்கு ஒரு மெயில் ஐடி

எங்கள் கல்லூரி பல்கலைக்கழகமானதும் டொமைன், அதாவது மெயில் ஐடியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர், மாறியது. எல்லாருக்கும் புது மெயில் ஐடி போட வேண்டும். எந்த வடிவில் என்று யோசிக்கும் வேலை கம்ப்யூட்டர் சென்டரில் என் தலையில் விழுந்தது.

மாணவர்களுக்குப் பதிவு எண்ணையே போட்டுவிடலாம் என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். ஒரே எண் இருவருக்கு வராது, வேலையும் சுலபம். எனக்குப் பிடிக்கவில்லை. நம் ஊரில் தேர்வு முடிவு பார்க்கப் பதிவு எண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் போதும். பிறந்த தேதியை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸே சொல்லிவிடும். மீதிப் பாதியை நாமே மெயில் ஐடியில் எழுதிக் கொடுப்பதா? தவிர, எண் வரிசையாகப் போகிறது. ஒருவனுடையது தெரிந்தால் வகுப்பு முழுக்கத் தெரியும். ஸ்பேம்காரனுக்கு வேறென்ன வேண்டும்!

சரி, பெயர். குமரி மாவட்டத்தில் இதுதான் பெரிய சிக்கல். அஜின், சுபின், ஜெபின், லிபின், அபிஷா, அனிஷா என்று குழித்துறை முதல் ஆரல்வாய்மொழி வரை இதே பெயர்கள்தான். குடும்பப் பெயர் கிடையாது, இருப்பது இனிஷியல். அப்பாமார் செல்வராஜ், சேவியர், ஸ்டீபன், சுந்தரம், எல்லாரும் எஸ். ஒரே வகுப்பில் இரண்டு எஸ். அஜின் இருப்பது எங்களுக்குச் சாதாரணம். இனிஷியலையும் பெயரையும் இடைவெளி இல்லாமல் ஒட்டினால் சில சமயம் கெட்ட வார்த்தை வேறு பிறக்கும்.

இனிஷியல் நிரந்தரமும் இல்லை. வணிகவியல் துறை மேடம் ஒருவர் கேட்டார்: "சார், கல்யாணத்துக்கு அப்புறம் எனக்கு இனிஷியல் மாறிட்டு. ஆதார்ல ஒண்ணு, சர்டிபிகேட்ல ஒண்ணு. நீங்க எதைப் போடுவீங்க?" எதையும் போடவில்லை. இனிஷியல், துறை என்று பின்னால் மாறக்கூடிய எதுவும் ஐடியில் வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அப்புறம் ஸ்பெல்லிங். சுசீந்திரம் கோயில் சாமியின் பெயர் தாணுமாலயன். அந்தப் பெயர் வைத்தவர்கள் இங்கே உண்டு. 'தா'வுக்கு ஒரு ஏ போடுவார் ஒருவர், இரண்டு ஏ போடுவார் இன்னொருவர். அதை நான் தீர்மானிக்கக் கூடாது. அவரவர் எழுதுகிறபடி ஒரு படிவத்தில் வாங்கிக்கொண்டோம். மரிய, ஆரோக்கிய என்று நீளும் பெயர்களில் எந்தப் பகுதி வேண்டும் என்பதும் அவர்கள் விருப்பம். @ குறிக்கு முன்னால் 64 எழுத்து வரை விதி அனுமதிக்கிறது, ஆனால் போனில் யார் சொல்லிக்கொண்டிருப்பது?

கடைசியில் மாணவர்களுக்கு வந்தது இது: பெயர், ஒரு புள்ளி, மூன்று இலக்கக் குலுக்கல் எண். எண்ணில் சுழியமும் ஒன்றும் வராது, ஓ என்றும் எல் என்றும் படித்துவிடுகிறார்கள். அண்டர்ஸ்கோர் கிடையாது, லிங்காக மாறி அடிக்கோடு விழுந்தால் அது கண்ணுக்கே தெரியாது. சாதாரண ஜிமெயிலில் புள்ளியை விட்டாலும் மெயில் போய்ச் சேரும். பள்ளி, அலுவலகக் கணக்குகளில் அப்படி இல்லை. அதனால் புள்ளி இல்லாத வடிவத்தையும் அதே ஆளுக்கு அலியாஸாக, அதாவது அதே பெட்டிக்கு வரும் மாற்றுப் பெயராகக் கொடுத்திருக்கிறோம்.

நான் சண்டை போட்டு வாங்கிய விதி ஒன்றுதான். படித்து முடித்துப் போனவரின் ஐடியை இன்னொருவருக்குத் தரக் கூடாது. ஸ்காலர்ஷிப், வங்கி, இன்ஸ்டாகிராம் எல்லாம் அதில்தான் பதிந்திருப்பார்கள். புதிதாக வருகிறவர் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அமுக்கினால் பழையவரின் கணக்கு திறந்துவிடும். 2022 முதல் கூகுள், கல்வி நிறுவனம் ஒன்றுக்கு மொத்தச் சேமிப்பு இடம் 100 டெராபைட் என்று வரம்பு வைத்துவிட்டது. அதனால் பழைய பெட்டியை மூடத்தான் வேண்டியிருக்கிறது. பெயர் மட்டும் பூட்டிய பட்டியலில் கிடக்கும்.

பதவிகளுக்குத் தனி ஐடி. பதிவாளர் மாறினாலும் பதிவாளர் ஐடி மாறாது. கூடவே போஸ்ட்மாஸ்டர், அபியூஸ் என்று இரண்டு சேர்த்தேன். இணையத்துக்கான பொது விதி ஆவணங்களில் ஒன்றான, 1997-ல் வந்த ஆர்எஃப்சி 2142 சொல்லும் பெயர்கள். பட்டியலைப் பார்த்த அலுவலக அண்ணாச்சி, "இது என்ன ஓய், அபியூஸ்? ராகிங் புகாருக்கா?" என்றார். ஸ்பேம் புகாருக்கு என்றேன். "அப்ப ராகிங்குக்கும் ஒண்ணு போட்டிரும்" என்றார். போட்டாயிற்று. முதல் வாரத்திலேயே மெயில் வந்தது அதற்குத்தான்: ஹாஸ்டல் வைஃபை சரியில்லை என்று.