ஸ்கோர் நோட்டும் செல்போனும்: ஒரு பி.டி. டீச்சரின் நாட்குறிப்பு

26 அக்டோபர் 2025, ஞாயிறு

காலையில் மழை விட்டதும் ஆடுகளத்தில் மேட் (பாய்) விரித்து, பத்து மணிக்கு ஆட்டத்தைத் தொடங்கிவிட்டோம். பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள், இருபது ஓவர். ஸ்கோர் மேசையில் நானும், எதிரணியோடு வந்த ஸ்கோரர் அண்ணாவும். என் கையில் நோட்டும் பென்சிலும், அவர் கையில் ஸ்கோர் செயலி ஓடும் செல்போன். ஸ்கோரர்கள் இருவர் இருக்க வேண்டும், இருவரும் அடிக்கடி கணக்கை ஒத்துப்பார்க்க வேண்டும் என்று கிரிக்கெட் விதியிலேயே உண்டு. எல்லா ஓவருக்கும் மொத்த ரன்னை ஒத்துப்பார்த்தோம். பந்து வீசியவள் பெயரைப் பார்க்கவில்லை.

ஏழாவது ஓவரைப் போட்டது எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பெண். இடக்கை சுழல். ஒரு ரன்கூடப் போகவில்லை, நான்காவது பந்தில் ஸ்டம்பிங்கில் ஒரு விக்கெட். ரன் போகாத ஓவர் (மெய்டன்) என்றால் கட்டத்தில் பந்துக்கு ஒன்றாக இருக்கும் ஆறு புள்ளிகளையும் கோட்டால் சேர்த்து ‘எம்’ போடுவோம். விக்கெட்டும் விழுந்திருந்தால் அதே புள்ளிகள் ‘டபிள்யூ’ ஆகும். நான் இந்த வருடம் போட்ட முதல் டபிள்யூ அது.

இரவு செயலியைத் திறந்தால் அந்த ஓவர் வேறொருத்தி கணக்கில் இருக்கிறது. அணியில் ஒரே பெயரில் இரண்டு பேர், இனிஷியல் மட்டும்தான் வேறு. அண்ணாவின் விரல் பட்டியலில் ஒரு வரி தள்ளிப் பட்டிருக்கிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானும்தானே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

27 அக்டோபர், திங்கள்

போட்டி நடத்தியவரிடம் சொன்னேன். “முடிவு ஏத்தியாச்சு மேடம், இனிமே மாத்த முடியாது” என்றார். ஒரு ஓவர்தானே என்கிறார். அந்தப் பெண் மொத்தம் போட்டதே மூன்று ஓவர்! மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பவர்கள் இப்போதெல்லாம் மைதானத்துக்கு வருவதற்கு முன் செயலியைத்தான் பார்க்கிறார்கள். நோட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். விடுவதாக இல்லை.

30 அக்டோபர், வியாழன்

பெண்கள் உலகக் கோப்பை அரையிறுதி, இந்தியாவும் ஆஸ்திரேலியாவும். ஆஸ்திரேலியா 338. வீட்டில் யாரும் நம்பவில்லை, நானும் பாதி நம்பிக்கையோடுதான் உட்கார்ந்தேன். ஜெமிமா ரோட்ரிக்ஸ் 127, கடைசிவரை அவுட் ஆகவில்லை. 48.3 ஓவரில் முடித்துவிட்டார்கள். பெண்கள் ஒருநாள் கிரிக்கெட்டில் இவ்வளவு பெரிய இலக்கை இதுவரை யாரும் எட்டியதில்லை.

எனக்குத் திருஷ் காமினி ஞாபகம் வந்தது. உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண் அவர்தான், நம் தமிழ்நாட்டுக்காரர். 2013இல் மும்பை பிரபோர்ன் மைதானத்தில், வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக. என் வகுப்புகளில் அந்தப் பெயரைக் கேட்டால் ஒருத்திக்கும் தெரிவதில்லை. ஜெமிமா அடித்ததை நாளைக் காலை எல்லாருமே ஆளுக்கொரு செல்போனில் பார்த்துவிட்டு வருவார்கள்.

3 நவம்பர், திங்கள்

நேற்று உலகக் கோப்பை இறுதியில் ஜெயித்துவிட்டோம்! மழையால் ஐந்து மணிக்குத்தான் ஆட்டம் தொடங்கியது, முடியும்போது நள்ளிரவு. இந்தியா 298, தென்னாப்பிரிக்கா 246. தீப்தி சர்மாவுக்கு அரைசதமும் ஐந்து விக்கெட்டும். ஷஃபாலி 87 அடித்ததோடு இரண்டு விக்கெட்டும் எடுத்தார். 2005இலும் 2017இலும் இறுதிவரை வந்து தோற்ற அணி இது. தூங்காத கண்ணோடு பள்ளிக்குப் போனால், வாசலிலேயே நான்கு பேர் நிற்கிறார்கள், கிரிக்கெட்டில் சேர வேண்டுமாம்.

நான் விளையாடிய காலத்தில் பெண்கள் கிரிக்கெட் தனிச் சங்கத்தின் கையில் இருந்தது. 2006இல்தான் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தோடு சேர்ந்தது. அதற்கு முன்னால் முன்பதிவில்லாப் பெட்டியில், கிட் பையைக் காலடியில் போட்டு, அதன்மேலேயே தூங்கிக்கொண்டு போவோம். 2022 அக்டோபரில் ஆண்களுக்குச் சமமான ஆட்டச் சம்பளம் என்று அறிவித்தார்கள்: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாளுக்கு 6, டி20க்கு 3. அன்று நான் அழுதேன். அடுத்த வருடம் பெண்கள் பிரீமியர் லீக் வந்தது. ஒளிபரப்பு உரிமை மட்டும் ஐந்து வருடத்துக்கு 951 கோடி. விலை கிடைத்த பிறகுதான் மரியாதை வந்தது என்று ஸ்கோரர் அண்ணா சொல்கிறார். எனக்கு அது முழுக்கச் சரி என்று படவில்லை. விலை கிடைக்கும்வரை சும்மாவே விளையாடியவர்கள் இருந்ததால்தானே விற்க ஒன்று இருந்தது?

9 நவம்பர், ஞாயிறு

அடுத்த ஆட்டம், வேறு மைதானம். பந்து வீசும் பக்கம் ஒரு கம்பத்தில் செல்போனைக் கட்டி நேரலை போட்டார்கள். திரையில் ஸ்கோர் தானாக மாறுகிறது. நம் இடக்கைக்காரியின் அம்மா விசைத்தறியில் வேலை செய்கிறவர். ஒரு ஆட்டத்துக்கும் வர முடிந்ததில்லை. இன்று தறி இரைச்சலுக்கு நடுவே மகள் பந்து போடுவதைப் பார்த்திருக்கிறார். மாலையில் கூப்பிட்டு, “டீச்சர், ஓடி வரும்போது ஏன் நாக்கக் கடிக்கிறா?” என்று கேட்டார். இத்தனை நாள் பழக்கியிருக்கிறேன், நான் கவனித்ததே இல்லை.

அதே நேரலையின் கீழே பிள்ளைகளின் உடையைப் பற்றி யாரோ அசிங்கமாக எழுத ஆரம்பித்தார்கள். உடனே கருத்துப் பகுதியை மூடச் சொன்னேன், மூடினார்கள்.

அப்புறம், அந்த மைதானத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. பதினெட்டாவது ஓவரில் கீப்பருக்குக் காலில் தசை பிடித்துக்கொண்டது. நேரலையில் அது சாதாரண சுளுக்காகத் தெரிந்திருக்கும். கேமராவுக்கு வாடகை கொடுக்க முடிகிறவர்களால் ஒரு தற்காலிகக் கழிப்பறை வைக்க முடியாதா? எழுதும்போதே கோபம் வருகிறது. அடுத்த ஆட்டத்துக்கு முன் கழிப்பறைக்கு எழுத்துப்பூர்வமாக உறுதி கொடுக்காவிட்டால் எங்கள் அணி வராது என்று சொல்லிவிட்டேன்.

12 நவம்பர், புதன்

புது ஸ்கோர் நோட்டு வாங்கினேன். இன்னமும் ‘பேட்ஸ்மேன்’ என்றே அச்சடித்திருக்கிறார்கள். விதிகளில் 2021இலேயே ‘பேட்டர்’ என்று மாற்றிவிட்டார்கள். நம் பத்திரிகைகள் எழுதும் ‘மட்டையாளர்’ முதலிலிருந்தே இருபாலருக்கும் பொருந்துகிற சொல். பக்கத்துக்குப் பக்கம் அடித்துவிட்டு அதையே எழுதினேன்.

18 நவம்பர், செவ்வாய்

ஓவரைத் திருத்திவிட்டார்கள். அண்ணாவே போட்டி நடத்தியவரிடம் நேரில் போய், தப்பு தன்னுடையது என்று சொல்லியிருக்கிறார். மூன்று ஓவர், ஒரு மெய்டன், ஒன்பது ரன், இரண்டு விக்கெட். கழிப்பறைக்கான கடிதமும் வந்தது.

27 நவம்பர், வியாழன்

டெல்லியில் பெண்கள் பிரீமியர் லீக் ஏலம். தீப்தி 3.20 கோடி. பிள்ளைகள் விசாரித்ததெல்லாம் கமலினியைப் பற்றித்தான். போன டிசம்பர் ஏலத்தில் பதினாறு வயதில் 1.60 கோடிக்கு மும்பை அணி எடுத்த நம் தமிழ்நாட்டுப் பெண். மும்பை தக்கவைத்துக்கொண்டதால் இன்று அவர் பெயர் ஏலத்துக்கே வரவில்லை.

“நம்மள எப்படி மிஸ் அவங்களுக்குத் தெரியும்?” என்று கேட்டாள் இடக்கைக்காரி. நோட்டை எடுத்து ஏழாவது ஓவரைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பென்சிலை வாங்கி, தன் கணக்கு நோட்டின் பின் அட்டையில் மூன்று மூன்றாக ஆறு புள்ளிகள் வைத்து, எங்கே தொடங்குவது என்று கேட்டாள். இடது மேல் புள்ளியைக் காட்டினேன்.