முன்குறியில் ஆரஞ்சு

"தம்பி, இது இரவிலும் தெரியுமா?" என்று ஏட்டையா கேட்டார். ஆயுதங்களைப் பராமரிக்கும் ஆர்மரர் நான். அவருடைய பிஸ்டலின் முன்குறியில், அதாவது குறிபார்க்கக் குழலின் நுனியில் நிற்கும் சிறு தகட்டில், ஆரஞ்சு பெயிண்ட் பூசிக் கொடுத்திருந்தேன். "வெளிச்சம் இருந்தால் தெரியும், ஏட்டையா" என்றேன். சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

ஐம்பதைத் தாண்டியவர். கையை நீட்டிப் பிடித்தால் பிஸ்டலின் முன்குறி கண்ணிலிருந்து சுமார் முக்கால் மீட்டரில்தான் நிற்கும். வெள்ளெழுத்து வந்தவருக்கு அந்தத் தூரமே மங்கல். ஈஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்த எங்கள் 9 எம்எம் பிஸ்டலில் முன்குறி சிறியது, முழுக்கக் கறுப்பு. கறுப்பு இலக்கின் மேல் கறுப்புத் தகட்டை அவர் எப்படித் தேடுவார்?

எண்ணெய்ப் பசை போக அசிட்டோனால் துடைத்தேன். முதலில் வெள்ளை எனாமல், அது காய்ந்த பிறகு ஆரஞ்சு. சுடுபவரைப் பார்த்த முகத்தில் மட்டும் பூசினேன். உச்சி விளிம்பில் துளியும் படவிடவில்லை. அங்கே பெயிண்ட் ஏறினால் முன்குறி உயரும், குண்டு தாழ்ந்து போகும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே சுமார் 16 சென்டிமீட்டர்தான், 0.1 மில்லிமீட்டர் தடிப்பே 25 மீட்டரில் ஒன்றரை சென்டிமீட்டர் இறக்கிவிடும். இதையெல்லாம் அவருக்கு விரிவாகச் சொன்னேன். இரவைப் பற்றிக் கேட்டபோது மட்டும் ஒரே வரியில் முடித்துக்கொண்டேன்.

வருடாந்திரச் சுடும் பயிற்சியில், நல்ல வெயிலில், அவர் தேறிவிட்டார். ஆனால் அவருக்குப் போடுவது பெரும்பாலும் இரவுக் காவல். ஆரஞ்சு தானாக ஒளிராது. இருட்டில் அது பழைய கறுப்புத் தகடுதான்.

ஆயுதத்தில் நான் எதையும் மாற்றவில்லை, வேண்டாமென்றால் துடைத்துவிடலாம். கூர்மையான கண் உள்ளவர்களும் பெயிண்ட் பூசிக்கொள்கிறார்கள். கண்ணைச் சோதிப்பது ஆர்மரரின் வேலையும் அல்ல. இவ்வளவும் சரிதான். ஆனால் மருத்துவரிடம் போனால் ஆயுதப் பணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று அவர் பயந்தது எனக்குத் தெரியும். கை நீளத் தூரத்துக்கென்றே கண்ணாடி போட்டுக்கொள்ளலாம் என்பதும் தெரியும். கண்ணைக் காட்டுங்கள் என்ற ஒரு வார்த்தை அவரைப் புண்படுத்திவிடுமோ என்று தயங்கினேனா, அல்லது என் கைவேலையின் நேர்த்தியில் மயங்கிப் போனேனா?

இப்போது பெயிண்ட் கேட்டு வருகிறவர்களிடம், கண்ணைக் காட்டினீர்களா என்று முதலில் கேட்கிறேன். சிலர் அதற்குப் பிறகு என்னிடம் வருவதே இல்லை. பெயிண்டும் இல்லாமல், கண்ணாடியும் இல்லாமல் அவர்கள் பணிக்குப் போகிறார்கள்.